ஃபங்க் கிட்டார் பழகலாம் வாங்க: ஷிப்ட் வேலைக்காரர்களின் இசைக் குழுவுக்குக் கம்ப்யூட்டர் தரும் உதவி

பங்க் என்று எழுதினால் நம் ஊரில் பெட்ரோல் பங்க் என்றுதான் படிப்பார்கள். இங்கே நாம் பார்க்கப் போவது ஃபங்க் இசை. கேட்டவுடன் தலையை ஆட்ட வைத்து, காலைத் தட்ட வைக்கும் இசை இது. இதில் கிட்டாரின் பங்கு கேட்பதற்கு மிகச் சுலபமாகத் தெரியும். ஒரே ஒரு கார்டைப் பிடித்துக் கொண்டு "சிக் சிக்" என்று தட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் நான்கு பேருடன் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் தாளம் தடுமாறத் தொடங்கும். காரணம், ஃபங்க் கிட்டாரில் எந்தக் கார்டு என்பதைவிட எந்த நொடியில் என்பதுதான் முக்கியம். அந்த நொடிக் கணக்கைப் பழகிக் கொள்ள உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மிக நல்ல உதவியாளர். அது எப்படி என்று இங்கு விரிவாகப் பார்க்கலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. வசதி, பெங்களூரு அருகில் இருப்பது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் சுமார் 40 கிலோ மீட்டரில் பெங்களூரு வந்துவிடும். ராக் இசையில் ஃபங்க், ஜாஸ் இரண்டையும் கலந்து வாசிக்கும் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு 1996ல் தொடங்கியது அந்த நகரத்தில்தான். அதன் கிட்டார் கலைஞர் புரூஸ் லீ மணியின் வலது கையைக் கவனித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். சென்னைப் பக்கம் போனால், பாடகர் பென்னி தயாளின் ஃபங்க்சுவேஷன் குழு இருக்கிறது.

சிக்கல், வேலை நேரம். சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்குக் காலை ஷிப்ட், பாஸ் கிட்டார்காரருக்கு இரவு ஷிப்ட், கீபோர்டுக்காரர் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருபவர் என்றால், நால்வரும் ஒன்றாக உட்கார ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். அதுவும் எல்லா ஞாயிறும் கிடைக்காது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தாளம் சரி செய்வதிலேயே கழித்தால், மூன்றாவது மாதம் குழுவே கலைந்துவிடும். வார நாட்களில் அவரவர் வீட்டில் செய்யும் பயிற்சிதான் குழுவைக் காப்பாற்றும்.

ஃபங்க் எங்கிருந்து வந்தது?

1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவின் எல்லா வாத்தியங்களையும் தாள வாத்தியம் போல வாசிக்கச் சொன்னார். 1965ல் வெளியான 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாடலில் ஜிம்மி நோலன் என்ற கிட்டார் கலைஞர் வாசித்த விதம் ஒரு புது வழியைத் திறந்தது. கோழி குப்பையைக் கிளறுவது போன்ற சப்தம் என்று அதற்குச் செல்லப் பெயரே வந்துவிட்டது. பின்னர் 'சிக்' குழுவின் நைல் ராட்ஜர்ஸ் 1970களின் இறுதியில் இதையே நடன இசைக்குக் கொண்டு வந்தார். 2013ல் டாப்ட் பங்க் குழுவின் 'கெட் லக்கி' பாடலில் கேட்கும் கிட்டாரும் அவருடையதுதான். முன்பின் கேட்டிராதவர்கள் முதலில் இந்த இரண்டு பாடல்களையும் ஹெட்போனில், கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

ஜேம்ஸ் பிரவுன் தன் கலைஞர்களிடம் வலியுறுத்தியது 'ஒன்று' என்பதை. அதாவது ஒவ்வொரு சுற்றின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். அதன் பிறகு ஆளுக்கொரு பக்கம் போகலாம், அடுத்த 'ஒன்று' வரும்போது மீண்டும் சேர வேண்டும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் எங்கெங்கோ சுற்றிவிட்டு சமத்தில் வந்து விழுவதை நினைத்துக் கொண்டால் இது எளிதாகப் புரியும்.

தகதிமியில் பதினாறு கட்டம்

ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு வேறு விதமாக எண்ணச் சொல்வார்கள். நமக்கு அது தேவையில்லை. சதுஸ்ர நடையின் தகதிமி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தகதிமி. மொத்தம் பதினாறு எழுத்து. இதில் 'த' என்றால் வலது கை கீழே, 'க' என்றால் மேலே, 'தி' கீழே, 'மி' மேலே. கை ஒரு நொடியும் நிற்கக் கூடாது. தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கிக் கொண்டே இருக்க வேண்டும். சப்தம் வந்தாலும் வராவிட்டாலும் கை ஓடும்.

அப்படியானால் சப்தத்தை முடிவு செய்வது எது? இடது கை. விரல்களைக் கம்பிகளின் மேல் லேசாக வைத்திருந்தால் 'சிக்' என்ற செத்த ஒலி வரும். அதே விரல்களை அழுத்தினால் கார்டு ஒலிக்கும். உடனே அழுத்தத்தை விட்டால் ஒலி நின்றுவிடும். விரலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். ஃபங்க் கிட்டாரின் ரகசியம் முழுவதும் இந்த அழுத்தி விடுவதில்தான் இருக்கிறது.

முதலில் பழக வேண்டிய கார்டு இ9. பிடிக்கும் முறை: 5ம் கம்பியில் 7வது பிரெட், 4ம் கம்பியில் 6வது பிரெட், 3, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளிலும் 7வது பிரெட். 6ம் கம்பி வேண்டாம். மோதிர விரலை மூன்று கம்பிகளின் மேலும் படுக்க வைத்து அழுத்துங்கள். சுண்டு விரலால் முதல் கம்பியின் 9வது பிரெட்டை அழுத்தி எடுத்தால் அதுவே இ13 ஆகிவிடும். இந்த ஒரு பிடியை வைத்துக் கொண்டே பத்து நிமிடப் பாட்டு வாசிக்கலாம்.

கீழே மூன்று பயிற்சிகள் தரப்படுகின்றன. நட்சத்திரக் குறி உள்ள எழுத்தில் மட்டும் அழுத்துங்கள். மற்ற எழுத்துகளில் 'சிக்' ஒலி மட்டும்.

பயிற்சி 1:
*த க தி மி | த க தி மி | த க தி மி | த க தி மி

பயிற்சி 2:
*த க தி மி | த க தி *மி | த க தி மி | த க *தி மி

பயிற்சி 3:
*த க தி *மி | த *க தி மி | த க *தி மி | த *க தி மி

புதியவர்கள் பெரும்பாலும் 'த' விலும் 'தி' யிலும் சரியாக அழுத்துவார்கள். 'க', 'மி' ஆகிய மேல்வீச்சுகளில்தான் தடுமாற்றம் வரும். எனவே ஒரே ஒரு கார்டை எடுத்துக் கொண்டு, முதல் சுற்றில் முதல் கட்டத்தில் வாசியுங்கள். அடுத்த சுற்றில் இரண்டாவது கட்டம். இப்படிப் பதினாறு சுற்றுகளில் பதினாறு கட்டங்களையும் கடந்து வாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் இதைச் செய்தால் போதும். வாயால் தகதிமி சொல்லிக் கொண்டே வாசிப்பது அவசியம்.

என்னென்ன தேவை?

விலை உயர்ந்த கிட்டார் தேவையில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று, 0.009 அல்லது 0.010 அளவுள்ள மெல்லிய கம்பிகள், சற்று வளையக் கூடிய பிக் ஆகியவை போதும். தடிமனான பிக் கம்பியில் மாட்டிக் கொள்ளும்.

கம்ப்யூட்டர் பக்கம் தேவைப்படுவது ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ். இதை வாங்காமல் லேப்டாப்பின் மைக் ஜாக்கிலேயே கிட்டாரைச் செருகிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். செருகினால் சப்தம் வரும். ஆனால் மைக் ஜாக் கிட்டாருக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் மின்தடை மிகக் குறைவு. கிட்டாரின் பிக்அப்புக்கோ சுமார் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் மின்தடை உள்ள இணைப்பு வேண்டும். மின்தடை குறைந்தால் முதலில் பலியாவது உச்ச ஒலிகள். ஃபங்க் கிட்டாரின் உயிரே அந்தப் பளிச்சென்ற உச்ச ஒலியில்தான் இருக்கிறது. ஆகவே இன்டர்பேஸ் வாங்கும்போது 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறிப்பிட்ட இணைப்பு இருக்கிறதா என்றும், 'டைரக்ட் மானிட்டர்' என்ற வசதி இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளுடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்க நல்லது, வாசிக்க உதவாது. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

தாமதம் என்னும் எதிரி

நீங்கள் கம்பியைத் தட்டிய நொடிக்கும், அந்த ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்ப ஹெட்போனில் கேட்கும் நொடிக்கும் இடையே ஒரு இடைவெளி உண்டு. இதை லேட்டன்சி என்பார்கள். தாமதம் என்றே வைத்துக் கொள்வோம்.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்திற்கு 100 அடி வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்றால், ஒரு அடிக்கு 600 மில்லி செகண்ட். தகதிமியில் ஒரு எழுத்துக்கு 150 மில்லி செகண்ட். புளுடூத் ஹெட்போன்களில் பொதுவாக 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை தாமதம் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். அதாவது நீங்கள் 'த' வாசித்தால் காதில் 'க' நேரத்தில் கேட்கும். எந்தக் கலைஞராலும் இதில் வாசிக்க முடியாது.

வயர் ஹெட்போன் போட்டாலும் கம்ப்யூட்டரின் தாமதம் இருக்கும். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித் துளியாக அல்லாமல் வாளி வாளியாக வாங்கிக் கையாள்கிறது. அந்த வாளிக்குப் பெயர் பபர். ஒலியை ஒரு செகண்டுக்கு 44,100 துண்டுகளாக வெட்டிப் பதிவு செய்யும்போது, பபர் அளவுக்கு ஏற்ப ஏற்படும் தாமதம் இதோ:

128 துண்டு: சுமார் 3 மில்லி செகண்ட்
256 துண்டு: சுமார் 6 மில்லி செகண்ட்
512 துண்டு: சுமார் 12 மில்லி செகண்ட்
1024 துண்டு: சுமார் 23 மில்லி செகண்ட்

உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி என்பதால் இதை இரண்டால் பெருக்கிக் கொள்ளுங்கள். பபரைக் குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் கம்ப்யூட்டருக்கு வேலைப் பளு கூடி, ஒலியில் 'டப் டப்' என்ற வெடிப்புகள் வரும். 128 அல்லது 256ல் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்டர்பேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவரைப் பதிந்து கொள்ளுங்கள். அப்படி ஒன்று தரப்படவில்லை என்றால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை முயற்சிக்கலாம். இந்த டிரைவர் ரீப்பர் போன்ற புரோகிராம்களுக்கு உதவும். ஆடாசிட்டியின் வழக்கமான பதிப்பில் லைசென்ஸ் காரணங்களால் ஆசியோ வசதி சேர்க்கப்படாமல் இருந்தது.

ஃபங்க் வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மெட்டல், ராக் வாசிப்பவர்களுக்குக் கிட்டார் ஒலியை உறும வைக்க கம்ப்யூட்டருக்குள் ஆம்ப்ளிபையர் சாப்ட்வேர் வேண்டும். அதன் ஒலி கம்ப்யூட்டரைச் சுற்றித்தான் வர வேண்டும். ஃபங்க்குக்குத் தேவை சுத்தமான, எதுவும் சேர்க்காத ஒலி. ஆகவே இன்டர்பேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டால், கிட்டார் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் உணரவே முடியாது. பழைய, வேகம் குறைந்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் இதனால் கவலையின்றிப் பயிற்சி செய்யலாம்.

ஆடாசிட்டியில் பயிற்சி

ஆடாசிட்டி 2000ம் ஆண்டு முதல் கிடைத்து வரும் இலவச ஒலிப்பதிவு புரோகிராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பிறகு கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வேகத்திற்கு 70 என்றும், ஒரு சுற்றுக்கு 4 அடி என்றும் கொடுத்து, 32 சுற்றுகள் உருவாக்கவும். 'டிக் டிக்' என்று ஒரு டிராக் வந்துவிடும்.

2. ரெக்கார்டிங் டிவைஸ் என்னும் இடத்தில் உங்கள் இன்டர்பேஸைத் தேர்ந்தெடுக்கவும். சாப்ட்வேர் பிளேத்ரூ என்பது ஆன் ஆகியிருந்தால் ஆப் செய்துவிடவும். இல்லையென்றால் உங்கள் ஒலியே எதிரொலி போல இரண்டு முறை கேட்கும்.

3. கர்சரை ஆரம்பத்திற்குக் கொண்டு வந்து, ஷிப்ட் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். புதிய டிராக்கில் பதிவு தொடங்கும். டிக் ஒலியும் கேட்டுக் கொண்டிருக்கும்.

4. இரண்டு சுற்று சும்மா கேட்டுவிட்டு, மூன்றாம் சுற்றின் 'ஒன்று' முதல் வாசிக்கவும்.

70ல் தடுமாற்றமின்றி 32 சுற்று வந்துவிட்டால் 74, பிறகு 78 என்று நான்கு நான்காக ஏற்றுங்கள். அவசரப்பட்டு நேராக 100க்குத் தாவ வேண்டாம்.

தாமதத்தைச் சரி செய்யும் ஒரு முக்கிய செட்டிங் உண்டு. பிரிபரன்சஸ் பகுதியில் ஆடியோ செட்டிங்ஸில் லேட்டன்சி காம்பென்சேஷன் என்ற கட்டத்தில் மைனஸ் 130 மில்லி செகண்ட் என்று ஆரம்பத்திலேயே தரப்பட்டிருக்கும். இது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தாது. உங்களுடையதைக் கண்டுபிடிக்க, அந்தக் கட்டத்தில் 0 கொடுங்கள். ரிதம் டிராக்கை ஓட விட்டு, ஹெட்போனை ஒரு மைக் அருகில் வைத்து அந்த டிக் ஒலியையே பதிவு செய்யுங்கள். மைக்கை அதே இன்டர்பேஸில் இணைத்திருக்க வேண்டும். இரண்டு டிராக்குகளையும் பெரிதாக்கிப் பார்த்தால், பதிவான டிக் சற்றுத் தள்ளி இருக்கும். அந்த இடைவெளி 90 மில்லி செகண்ட் என்றால் கட்டத்தில் மைனஸ் 90 என்று கொடுங்கள். இதைச் செய்யாமல் பதிவு செய்தால், சரியாக வாசித்தவர்கூட தவறாக வாசித்ததாகத் திரையில் தெரியும்.

பிடித்த பாடலைக் கேட்டுக் கற்பவர்கள், அந்தப் பைலை ஆடாசிட்டியில் திறந்து, எபெக்ட் மெனுவில் உள்ள சேஞ்ச் டெம்போ மூலம் மைனஸ் 30 சதவீதம் கொடுக்கலாம். வேகம் குறையும், சுருதி மாறாது. விஎல்சி பிளேயரிலும் சதுர அடைப்புக் குறி கீகளை அழுத்தினால் வேகம் குறையும், கூடும்.

டிக் ஒலி அலுத்துவிட்டால்

ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் புரோகிராமை இறக்கிக் கொள்ளுங்கள். இதில் ஒரு சுற்று பதினாறு கட்டங்களாகத் திரையில் தெரியும். நம் தகதிமியும் பதினாறு என்பதால் கணக்கு நேராகப் பொருந்தும். பாஸ் டிரம்மை 1, 3, 11 ஆகிய கட்டங்களிலும், ஸ்னேர் டிரம்மை 5, 13 ஆகிய கட்டங்களிலும், ஹைஹாட்டை ஒற்றைப்படைக் கட்டங்கள் எட்டிலும் வையுங்கள். பிளே பட்டனை அழுத்தினால் ஃபங்க் தாளம் ரெடி.

சில வாரங்கள் ஆனதும் ஹைஹாட்டை எடுத்துவிடுங்கள். பிறகு பாஸ் டிரம்மையும் எடுத்துவிடுங்கள். ஸ்னேர் மட்டும் சுற்றுக்கு இரண்டு முறை ஒலிக்கும். இடையில் உள்ள காலத்தை நீங்களே சுமக்க வேண்டும். கடைசியில் முதல் கட்டத்தில் மட்டும் ஒரு ஒலி. அதுவரை வந்துவிட்டால், டிரம்மர் ஒரு நொடி தடுமாறினாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

திரையில் பார்த்துத் திருத்துங்கள்

காது நம்மை ஏமாற்றும், அலைவடிவம் ஏமாற்றாது. பதிவு செய்த டிராக்கைப் பெரிதாக்கி, டிக் விழுந்த இடத்தையும் உங்கள் கார்டு விழுந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பத்து மில்லி செகண்ட் பின்னால் விழுந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அது உங்கள் பாணி, சில பாடல்களுக்கு அழகாகக்கூட இருக்கும். ஆனால் ஒரு முறை 20 முன்னால், அடுத்த முறை 25 பின்னால் என்று சிதறினால் அதுதான் குறை. அந்தச் சிதறலைக் குறைப்பதே பயிற்சியின் நோக்கம். முக்கியமாக மேல்வீச்சுகளைப் பாருங்கள். பலருக்கு 'மி' எப்போதும் முந்திக் கொண்டு விழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டு ஒலியின் நீளம். அலைவடிவம் சிறு கடுகு போலக் குட்டையாக இருக்க வேண்டும். வால் நீண்டிருந்தால் இடது கை அழுத்தத்தை விடத் தாமதிக்கிறது என்று அர்த்தம்.

பதிவில் 'ம்ம்' என்ற ரீங்காரம் இருந்தால், அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ரீங்காரம் வெகுவாகக் குறையும். டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர் அருகில் உட்கார வேண்டாம்.

ஆளுக்கொரு ஷிப்ட், ஒரே பாட்டு

இனி குழு விஷயத்திற்கு வருவோம். நால்வரும் நான்கு நேரத்தில் வீட்டில் இருந்தாலும் ஒரே பாட்டைச் சேர்ந்து உருவாக்க முடியும். ஒருவர் டிக் டிராக்கைத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பின்னர் டிரம்ஸ், அதைக் கேட்டுக் கொண்டு பாஸ், அதன் பிறகு கிட்டார், கடைசியில் கீபோர்டு என்ற வரிசையில் பதிவு செய்வது நல்லது. கிட்டார் முதலில் பதிவாகிவிட்டால் டிரம்மருக்கு இடமே இருக்காது. இதில் பின்பற்ற வேண்டிய விதிகள்:

எல்லோரும் 44,100 என்ற ஒரே அளவில் பதிவு செய்யுங்கள். எல்லா டிராக்குகளும் பூஜ்ஜியம் செகண்டிலிருந்து தொடங்கட்டும். நீங்கள் இருபதாவது செகண்டில்தான் வாசிக்கத் தொடங்குகிறீர்கள் என்றாலும் முன்னால் உள்ள மௌனத்தை வெட்டாதீர்கள்.

எம்பி3 ஆக மாற்றி அனுப்ப வேண்டாம். எம்பி3 பைலின் தொடக்கத்தில் சில பத்து மில்லி செகண்ட் மௌனம் தானாகவே சேர்ந்து கொள்ளும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியாது. ஃபங்க் குழுவுக்கோ கிட்டார் முழுவதும் தள்ளிப் போய்விடும். வேவ் அல்லது பிளாக் பைலாக அனுப்புங்கள். 16 பிட் மோனோ வேவ் பைல் நிமிடத்திற்குச் சுமார் 5 எம்பி ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுத் தரம் போய்விடும்.

முன்னால் வரும் இரண்டு சுற்று டிக் ஒலியின் கடைசி அடியில் ஒரு முறை 'சிக்' என்று தட்டுங்கள். எல்லோரும் இப்படிச் செய்தால், டிராக்குகள் விலகியிருந்தாலும் அந்த ஒலியை வைத்துக் கண்ணால் பார்த்தே நேராக்கிவிடலாம்.

இன்டர்நெட்டில் நேரடியாகச் சேர்ந்து வாசிக்க முடியாதா?

ஜாமுலஸ் என்ற இலவச புரோகிராம் இதற்காகவே உள்ளது. ஆனால் இதன் எல்லையைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஒலி காற்றில் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையில் உங்களுக்கும் டிரம்மருக்கும் மூன்றரை மீட்டர் தூரம் என்றால் பத்து மில்லி செகண்ட் தாமதம் இயற்கையாகவே உண்டு. சுமார் 25 மில்லி செகண்ட் வரை கலைஞர்கள் சமாளித்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு மெதுவாகிக் கொண்டே போகும்.

ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் 40 கிலோ மீட்டர்தான். பைபர் கேபிளில் ஒளிக்கு இந்தத் தூரம் ஒரு மில்லி செகண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் உங்கள் டேட்டா நேர் வழியில் போவதில்லை. இருவரும் வெவ்வேறு நிறுவன இணைப்பு வைத்திருந்தால் அது சென்னை போன்ற தூரத்து ஊருக்குப் போய்ச் சுற்றி வரவும் கூடும். வைபை, மொபைல் டேட்டா என்றால் தாமதம் நொடிக்கு நொடி மாறும். ஆகவே பைபர் இணைப்பு, லேன் கேபிள், வயர் ஹெட்போன் மூன்றும் இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள். அப்போதும் பாட்டின் அமைப்பைப் பேசிக் கொள்ள, யார் எங்கே நுழைவது என்று பார்த்துக் கொள்ள இது உதவும். நுணுக்கமான ஃபங்க் தாளத்திற்கு நேரில் உட்காருவதற்கு ஈடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்காரும்போது

வீட்டில் நன்றாக வாசித்தவர் குழுவில் சொதப்புவதற்கு முக்கிய காரணம் அதிகமாக வாசிப்பது. ஃபங்க்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. கீழ் ஒலிகள் பாஸ் கிட்டாருக்கும் பாஸ் டிரம்முக்கும் சொந்தம். எனவே இ9 கார்டின் மேல் மூன்று கம்பிகளை மட்டும் வாசியுங்கள். ஆம்ப்ளிபையரில் பாஸ் திருகியைக் குறையுங்கள். பாடகர் பாடும்போது கார்டுகளைப் பாதியாக்குங்கள். 'சிக்' ஒலி மட்டும் ஓடினால் போதும்.

கிட்டார் கேட்க வேண்டியது முதலில் ஹைஹாட்டை. ஹைஹாட்டும் உங்கள் வலது கையும் ஒரே கை போல ஓட வேண்டும். டிரம்மருக்கு அருகில், அவருடைய ஹைஹாட் பக்கம் உட்காருங்கள். சப்தம் போதவில்லை என்று ஆளாளுக்கு வால்யூம் கூட்டிக் கொண்டே போகாமல், யாருடைய ஒலி பெரிதாக உள்ளதோ அவரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ரிகர்சல் முழுவதையும் ஒரு மொபைல் போனில் பதிவு செய்யுங்கள். தரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. இரவு ஷிப்ட் போகும் வழியில் கேட்டால், எந்த இடத்தில் பாட்டு வேகம் பிடித்தது, எங்கே தளர்ந்தது என்று எல்லோருக்கும் புரியும். அதையே அடுத்த வாரப் பயிற்சிக்கான பாடமாக வைத்துக் கொள்ளலாம்.

ஒரு வாரத் திட்டம்

வேலை முடிந்து வருபவர்களால் தினமும் அரை மணி நேரத்திற்கு மேல் ஒதுக்குவது கடினம். அது போதும். முதல் 5 நிமிடம் கம்பிகளை அழுத்தாமல் வலது கைப் பயிற்சி. அடுத்த 5 நிமிடம் பதினாறு கட்டப் பயிற்சி. 10 நிமிடம் ஹைட்ரஜன் தாளத்துடன் பாட்டின் பகுதி. 5 நிமிடம் பதிவு. கடைசி 5 நிமிடம் அதைத் திரையில் பார்ப்பது. பார்த்த தேதி, வேகம், எந்தக் கட்டத்தில் தவறியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஹெட்போனில் செய்வதால் நள்ளிரவில் வாசித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

இரவு ஷிப்ட் முடித்து வந்தவுடன் வாசிக்க வேண்டாம். தூங்கி எழுந்து வாசியுங்கள். களைத்த கை இறுகிவிடும். இறுகிய கையில் ஃபங்க் வராது. மணிக்கட்டில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்த பின், முதல் வாரம் பதிவு செய்த பைலையும் கடைசியாகப் பதிவு செய்த பைலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முன்னதில் சிதறிக் கிடந்த கார்டுகள் பின்னதில் டிக் ஒலியை ஒட்டி வரிசையாக நிற்கும். அப்படி நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் இரண்டு மணி நேரமும் பாட்டுக்கே கிடைக்கும். வேலை நேரம் நான்கு பக்கமும் இழுத்தாலும், குழு சேர்ந்தே இருக்கும்.